லூக்காவின் குயினீஜி கோபுரம்: ஏறுவதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

மகன் இத்தாலியில், பீசாவில் படிக்கிறான். போன ஏப்ரலில் அவனைப் பார்க்கப் போனபோது, ஒருநாள் ரயிலேறி லூக்காவுக்குப் போனோம். அரை மணி நேரப் பயணம்தான். உச்சியில் மரம் வளர்ந்து நிற்கும் கோபுரம் என்று படத்தில் பார்த்துத்தான் கிளம்பினேன். ஆனால் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அதன் அடியில் இருக்கும் வீடு.

குயினீஜி குடும்பத்தார் பட்டு வியாபாரிகள், பணம் கொடுக்கல் வாங்கலும் செய்தவர்கள். 14-ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊரில் 250-க்கும் மேலே கோபுரங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். வசதியான குடும்பம் என்றால் வீட்டோடு ஒட்டி ஒரு கோபுரம் இருக்கும், காவலுக்கும் கௌரவத்துக்கும். அவற்றில் இன்று மிச்சம் இருப்பவை மிகச் சில. குயினீஜி கோபுரம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. பிற்பாடு வாரிசுகள் அதை நகரத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

டிக்கெட் வாங்கும் அவசரத்தில் சுவரைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். என் அப்பா செங்கல் சூளை வைத்திருந்தவர், அதனால் எனக்குச் செங்கல்லைக் கண்டால் கை தானாகப் போகும். ஒரு கல் கருஞ்சிவப்பு, பக்கத்துக் கல் வெளிறிய மஞ்சள் கலந்த சிவப்பு. எது சூளையில் தீக்குப் பக்கத்தில் வெந்தது, எது ஓரத்தில் கிடந்தது என்று அறுநூறு வருஷம் கழித்தும் தெரிகிறது.

ஏறக்குறைய 45 மீட்டர் உயரம், 230 படி. லிஃப்ட் கிடையாது. "அம்மா, இங்க கொஞ்சம் நில்லுங்க" என்று மகன் மூன்று இடத்தில் நிறுத்தினான். கடைசிப் பகுதி குறுகலான இரும்புப் படி. இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுத்தான் ஏற வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கும் வலிதான், ஆனாலும் இன்னொரு தடவை ஏறுவேன்.

மேலே செங்கல் கட்டிய பாத்தி, அதில் ஏழு ஓக் மரங்கள், இலை உதிர்க்காத வகை. ஊருக்கு மேலே, மர நிழலில் நிற்கிறோம்! கீழே ஓட்டுக் கூரைகள் ஓரிடத்தில் முட்டை வடிவமாக வளைகின்றன. ரோமானியர் காலத்து வட்டரங்கத்தின் மேல் வீடு கட்டியதால் வந்த வளைவு அது.

இறங்கியதும் அப்படியே சான் மார்த்தினோ பேராலயத்துக்கு நடந்துவிடுங்கள். இந்தக் குடும்பத்தின் பாவோலோ குயினீஜி 1400 முதல் 1430 வரை லூக்காவை ஆண்டவர். அப்புறம் பதவி பறிபோய், 1432-இல் பாவியா சிறையில் இறந்தார். அவர் மனைவி இலாரியா 1405-இல், பெண் குழந்தை பிறந்த கையோடு போய்விட்டாள். அவளுக்காக யாகோபோ தெல்லா குவெர்ச்சா செதுக்கிய பளிங்குக் கல்லறை அங்கே இருக்கிறது. உயர்ந்த கழுத்துப்பட்டை, மூடிய கண்கள். காலடியில் ஒரு நாய்க்குட்டி, தலையைத் தூக்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.