எலி மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு: அப்பன்திருப்பதி பக்கம் ஒரு வலைப் பட்டறை

மதுரை கடச்சனேந்தலில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அரிசியும் உளுந்தும் மூட்டை மூட்டையாக எப்போதும் இருக்கும். சுற்றிலும் இன்னும் வயல் மிச்சம் இருக்கிறது. அறுப்பு முடிந்ததும் எலிகளெல்லாம் வீடுகளைப் பார்த்து வந்துவிடும். மூட்டையைக் கடித்தால் நஷ்டம், அது போகட்டும். அதன் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் பரவும். நாலு வீட்டுக் குழந்தைகள் சாப்பிடுகிற மாவு, அதை நினைத்தால்தான் பயம்.

முதலில் வந்த பூச்சி மருந்து கம்பெனிக்காரர் அடுப்படியில் மருந்து வைக்கலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. 2024 நவம்பரில் சென்னை பக்கம் குன்றத்தூரில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்த பிறகு இரண்டு பிள்ளைகள் இறந்துபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். துத்தநாக பாஸ்பைடு ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை உள்ளே போனால் ஈரலைக் கெடுத்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது. மாவு அரைக்கிற வீட்டில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

அப்புறம்தான் அப்பன்திருப்பதி பக்கம் அலுமினியச் சட்டமும் கொசுவலைக் கதவும் செய்கிற பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வலை போட வந்தவர், அளவு எடுக்கும் முன்னால் சுவர் ஓரமாகக் குனிந்து பார்த்தார். "அக்கா, இந்தக் கறுப்பைப் பாருங்க. தினமும் உடம்பை உரசிட்டே போன பிசுக்கு இது. ராத்திரி இந்த ஓரமா கோலமாவைத் தூவி வைங்க, காலைல வர்றேன்" என்றார்.

காலையில் பார்த்தால் மாவு மேல் குட்டிக் குட்டியாகக் கால் தடம், நடுவில் வால் இழுபட்ட கோடு. கிரைண்டருக்குப் பின்னாலிருந்து கிளம்பி, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் போய் முடிந்தது. குழாயைச் சுற்றிக் கட்டைவிரல் நுழைகிற அளவு சந்து. வீட்டு எலிக்கு அது தாராளம். சுண்டெலிக்குப் பென்சில் பருமன் ஓட்டையே போதுமாம்.

அடைக்கும் முன்னால் கூண்டு வைக்கச் சொன்னார். உள்ளே எலி இருக்கும்போதே அடைத்தால் எங்கேயாவது செத்து நாறும். சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்துப் பிடித்து, உள்ளே நடமாட்டம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சந்துக்குள் திணித்து, அதன் மேல் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்ட் பூசினார். வெறும் சிமெண்டை, காய்வதற்குள் எலி பறித்துவிடும். அதன் முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தே ஆக வேண்டும். குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் இருந்த பிளாஸ்டிக் ஜாலியைப் பெருச்சாளி முட்டித் தள்ளிவிட்டு வந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஸ்டீல் ஜாலி போட்டுத் திருகாணியால் முடுக்கினார். பின்வாசல் கதவுக்கு அடியில் அலுமினியத் தகடு. ஜன்னல்களுக்கு ஸ்டீல் வலை. நைலான் வலையை எலி ஒரே ராத்திரியில் கத்தரித்துவிடும் என்பதால் அதைப் போடவே மாட்டேன் என்றார்.

குறையும் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. போன் போட்டு நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சமையலறை காற்றாடி ஓட்டைக்குப் போட்ட வலையை ரிவெட் அடித்து நிரந்தரமாக மாட்டிவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி காற்றே போகவில்லை. திரும்பக் கூப்பிட்டு, கழற்றிக் கழுவுகிற மாதிரி கொக்கி வைக்கச் சொன்னேன். காசு கேட்காமல் மாற்றித் தந்தார், ஆனால் இது முதலிலேயே தெரிய வேண்டிய விஷயம்.

குரங்குக்கு இந்த வலை தாங்காது. அழகர்கோவில் பக்கம் இருப்பவர்கள் இரும்புக் கம்பி கிரில்லும், தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டும் போட வேண்டும். அவரே அதை மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

எலி நின்ற பிறகு, பின்பக்கம் அடிக்கடி தலைகாட்டிய சாரைப்பாம்பும் வருவதில்லை. இரை இருந்தால்தானே வரும். அக்கம்பக்கத்தில் சாரையைக் கண்டதும் கம்பை எடுக்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், அதற்கு விஷம் கிடையாது, அடிப்பதும் சட்டப்படி குற்றம். 101-க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துப் போவார்கள்.

சட்டத்தோடு ஸ்டீல் வலைக்குச் சதுர அடி 220 ரூபாய் வாங்கினார். ஓட்டை அடைத்ததற்குத் தனிக் கூலி. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். மழை பிடித்துவிட்டால் சிமெண்ட் காய நாளாகும், அவரும் கிடைக்க மாட்டார்.