காலைப் பூங்காவா, ட்ரெட்மில்லா, ராத்திரி மாட வீதியா?

என் வீட்டுக்காரர் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போகிறார். நாத்தனார் வீட்டில் ட்ரெட்மில் இருக்கிறது. நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றுகிறேன். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் நான் ராத்திரிக் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தால் சர்க்கரை கட்டுப்படும், பிரஷர் குறையும், மனசு லேசாகும் என்பதெல்லாம் மூன்றுக்கும் பொது. அதை எல்லா டாக்டரும் சொல்லியாயிற்று. ஆறு மாசம் கழித்தும் எது தொடர்கிறது என்பதுதான் எனக்கு விஷயம்.

பூங்காவின் நல்லது கண்ணுக்கே தெரியும். வண்டித் தொந்தரவு இல்லை, மர நிழல், மேடு பள்ளம் இல்லாத பாதை, அதனால் கை வீசி நல்ல வேகத்தில் போகலாம். வேகம் என்று பார்த்தால் மூன்றில் தெருவுக்குத்தான் கடைசி இடம், அதை மறைத்துப் பயனில்லை. இவருக்கு அங்கே ஒரு செட்டும் சேர்ந்துவிட்டது, ஒரு நாள் போகாவிட்டால் போன் வருகிறது, அந்த போனுக்குப் பயந்தே பல நாள் எழுந்து போகிறார். நாலு சுற்றுக்கு அப்புறம் பெஞ்சில் அரசியல், திரும்பும் வழியில் அருகம்புல் ஜூஸ், சில நாள் அதற்கும் மேல் பொங்கல் வடை. அந்தக் கணக்கை நான் கேட்பதில்லை.

ஆனால் காலை நடை முந்தின ராத்திரியை நம்பி இருக்கிறது. ரிசப்ஷன் முடிந்து வீடு வரப் பதினொன்றரை ஆனாலோ, கிரிக்கெட் கடைசி ஓவர் வரை இழுத்தாலோ மறுநாள் காலை போச்சு. அலாரத்தை அணைத்துவிட்டு எழுவதா படுப்பதா என்று பாதித் தூக்கத்தில் முடிவு எடுக்க வேண்டும், பாதித் தூக்கத்தில் யார்தான் ஷூவைத் தேடிப் போவார்கள்? அது இவர் பாடு. என் பாடு வேறு. தண்ணி வரும் நேரம், மோட்டார், பால், குக்கர், டிபன் பாக்ஸ் என்று ஐந்தரையில் இருந்து எட்டு மணி வரை எனக்கென்று பத்து நிமிடம் கிடையாது. காலையில் நடப்பதுதான் ஆரோக்கியம் என்று சொல்கிறவர்களின் வீட்டில் அந்த நேரத்துக்கு இட்லி ஊற்றுவது யார் என்று கேட்கத் தோன்றும்.

சரி, ராத்திரிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் எது தவறினாலும் ராத்திரிச் சாப்பாடு தவறாது. ரசம் சாதமோ தோசையோ, எட்டு எட்டேகாலுக்குத் தட்டு எடுத்தாகிவிடும். பாத்திரத்தில் தண்ணி ஊற்றி ஊறப் போட்டேன் என்றால் அடுத்த வேலை செருப்பு மாட்டுவது. இன்றைக்குப் போகலாமா என்ற கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் போவதற்கான அடையாளம் சிங்க்கில் ஊறிக்கொண்டிருக்கிறது. முடிவு பண்ணுவது இதுதான் என்று நினைக்கிறேன்: தினமும் தானாக நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் நடையைக் கட்டிவிட வேண்டும், கடிகாரத்தில் கட்டக் கூடாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் செய்து 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 96 பேர், காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்பது போல அன்றாடம் வரும் ஒரு தருணத்தோடு புதுப் பழக்கம் ஒன்றைச் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். அது தானாக நடக்கிற அளவுக்கு வர எடுத்தது சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைய வேண்டாம். நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான்.

இன்னொரு ஆய்வு 2013-ல் அமெரிக்காவில் செய்தது. பத்தே பேர், அதனால் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. 60 வயது தாண்டிய, சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு அப்புறமும் 15 நிமிடம் நடக்க வைத்தார்கள். காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்தபோது கிடைத்த பலன் நாள் முழுவதுக்குமான சர்க்கரை அளவில் இதிலும் கிடைத்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை அடக்குவதில் இதுவே மேலாக இருந்தது. ராத்திரி சோறு சாப்பிடுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது வேண்டிய செய்தி.

கோயிலையும் குளத்தையும் சேர்த்து நான்கு மாட வீதியும் ஒரு சுற்று வர எனக்கு ஏறக்குறைய கால் மணி நேரம். முதல் சுற்று மெதுவாக, சாப்பிட்ட வயிறு இல்லையா, வேகம் பிடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்று பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது மிதமான வேகத்துக்கான கணக்கு, என் முதல் சுற்று அதில் சேருமா என்று கேட்டால் முழுசாகச் சேராது. தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைக்காரர்கள் தார்ப்பாய் இழுத்து மூடுகிற நேரம் அது, மிச்சக் கீரைக்கட்டைப் பாதி விலைக்குத் தருவார்கள். போன மாதிரியே வெறும் கையோடு திரும்புவது அபூர்வம்.

குறைகளும் உண்டு. நடைபாதை மேல் ஸ்கூட்டர் நிற்கும், நாம் ரோட்டில் இறங்க வேண்டும். மெட்ரோ வேலைத் தடுப்புகள் இருக்கிற லஸ் பக்கம் நான் போவதே இல்லை. மாட வீதியில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, அதனால் தைரியமாகத் தனியாகவும் போகிறேன், இதே யோசனையை விளக்கில்லாத புறநகர்த் தெருவில் இருக்கும் பெண்ணுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. நாய்த் தொல்லை இருக்கிற தெரு என்றால் அதுவும் அப்படித்தான். பங்குனிப் பெருவிழா பத்து நாளும் நடையை மறந்துவிட வேண்டும், அறுபத்துமூவர் அன்று நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நகர்த்தும். மார்கழியில் மட்டும் நானே கட்சி மாறுவேன். பாபநாசம் சிவன் பாடிப் போன வழியில் இன்றும் விடியலில் பஜனை கோஷ்டி மாட வீதியைச் சுற்றுகிறது, அதன் பின்னால் போனால் நடப்பதே தெரியாது.

ட்ரெட்மில் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், நாத்தனார் வீட்டில் தங்குகிற நாட்களில் நடந்ததுதான் என் அனுபவம். மழை, வெயில், நாய் எதுவும் கிடையாது, வேகத்தை வைத்தபடி வைக்கலாம், டிவி பார்த்துக்கொண்டே நடக்கலாம். கரென்ட் போனால் நின்றுவிடும். பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிக்கான் ஆயில் விட வேண்டும், பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின்னால் இருக்கும் போல்ட்டை ஆலன் கீ வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரி பண்ண வேண்டும். செய்யாவிட்டால் உரசல் கூடி மோட்டார் சூடாகும். அவர்கள் வீட்டில் யாரும் செய்யவில்லை. கைப்பிடியில் துண்டு காய்ந்தது, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த அன்று மட்டும் மிஷின் பளிச்சென்று இருந்தது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நடக்கும் நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் என்னைப் போலச் செருப்போடு கிளம்பாமல் ஷூ போட வேண்டும், மாட வீதியில் கல்லும் கண்ணாடியும் கிடக்கும்.

வடகிழக்குப் பருவமழை சமயத்தில் தெருவில் தண்ணி நின்றால் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன், அலுப்பாகத்தான் இருக்கும். ட்ரெட்மில் ஜெயிப்பது அந்தச் சில வாரங்களில் மட்டும்தான். நாத்தனார் அதை விற்கப் போட்டிருக்கிறார், பாதி விலைக்குக்கூட ஆள் வரவில்லை, நமக்குச் சும்மாவே தருகிறேன் என்கிறார். இவருக்கு ஆசை. ஹாலில் ஊஞ்சலைக் கழற்றினால்தான் அதற்கு இடம், நான் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.