காஸ்டிக் சோடா: மூட்டையில் வாங்குவதா, டேங்கரில் வாங்குவதா?

பழைய காகிதத்திலிருந்து மை நீக்கிக் கூழ் எடுக்கிற மில்லில் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம்) இல்லாமல் ஒரு ஷிப்ட்கூட ஓடாது. காகிதத்தை நீரில் அடித்துக் கூழாக்கும் பல்பரில் போட, பெராக்சைடு ப்ளீச்சிங்குக்கு முன் கூழின் பிஎச்-ஐ 10, 11 என்று ஏற்ற, ஷட்டவுனில் மிஷினையும் பைப்லைனையும் கழுவ, எல்லாவற்றுக்கும் அதுதான். அதைக் கெமிக்கல் கிச்சனுக்குள் (ரசாயனங்களைச் சேமித்துக் கரைக்கும் இடம்) கொண்டுவர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 50 கிலோ மூட்டையில் பிளேக்ஸ் (காய்ந்த காஸ்டிக் செதில்) வாங்கி நாமே கரைப்பது. இன்னொன்று, 48 சதவீத லையை (தண்ணீரில் கரைந்த காஸ்டிக்) டேங்கரில் இறக்கித் தேவைக்கேற்பத் தண்ணீரில் கலந்துகொள்வது. எங்கள் மில் பிளேக்ஸிலிருந்து லைக்கு மாறிவிட்டது, அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் லை பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விலையை முதலில் முடித்துவிடலாம். லையைக் காய்ச்சி நீரை விரட்டி, உருக்கி, செதிலாக ஆக்கினால்தான் பிளேக்ஸ். அந்த எரிபொருள் செலவு நம் தலையில் விழுவதால் காய்ந்த எடைக் கணக்கில் பார்த்தால் லைதான் பொதுவாக மலிவு. ஆனால் லை டேங்கரில் பாதிக்கு மேல் தண்ணீர், அதற்கும் லாரி வாடகை உண்டு. மேட்டூர், காரைக்கால், சாகுபுரம், கேரளத்து ஏலூர் என்று காஸ்டிக் தயாராகும் ஊர்களுக்குப் பக்கத்தில் மில் இருந்தால் லை, தூரம் போகப் போக பிளேக்ஸ். இதை பர்ச்சேஸ்காரர் ஒரு மணி நேரத்தில் கணக்குப் போட்டுவிடுவார். தரத்தைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிளேக்ஸ் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டிதட்டும், காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட் ஆகும். லை குளிரில் உறையும் என்று பயமுறுத்துவார்கள். அதற்கு வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும், நம் சமவெளியில் அது நடக்கப்போவதில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது வேறொரு கணக்கை வைத்து. ஒரு டன் காஸ்டிக் உபயோகிக்க எத்தனை முறை ஒரு மனுஷன் அதன் பக்கத்தில் போய் நிற்கிறான்?

10 டன் லை டேங்கர் ஒன்றில் 4.8 டன் காய்ந்த காஸ்டிக் இருக்கிறது. அதே அளவு 98 சதவீத பிளேக்ஸில் வேண்டுமென்றால் 98 மூட்டை. அதாவது 98 முறை தூக்கி, 98 முறை கத்தியால் கிழித்து, 98 முறை தொட்டியின் வாய்க்கு மேல் குனிந்து கொட்ட வேண்டும். டேங்கரில் ஹோஸை ஒருமுறை மாட்டி ஒருமுறை கழற்றினால் முடிந்தது. மூட்டை அடியில் எப்போதும் தூள் இருக்கும், கடைசியில் உதறும்போது அது மேலே கிளம்பும். ஏப்ரல், மே மாதத்தில் கிச்சனுக்குள் நிற்பவனுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. அந்த வியர்வையில் தூள் கரைந்தால் அந்த இடத்திலேயே அடர்காரக் கரைசல் உருவாகிறது. பல சமயம் உடனே எரிச்சல்கூடத் தெரியாது, தெரியும்போது தோல் வழுவழுப்பாகிவிட்டிருக்கும். ஃபேஸ் ஷீல்டு, பிவிசி ஏப்ரன், முழங்கை வரை கையுறை எல்லாம் ஸ்டோர்ஸில் இருக்கிறது, கொடுக்கவும் செய்கிறோம். ஆனால் அந்த வெக்கையில் பத்தாவது மூட்டைக்கு மேல் ஷீல்டைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக் கொட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. கண்ணுக்குள் ஒரு செதில் போனால் எவ்வளவு கழுவினாலும் பார்வைக்கு உத்தரவாதம் கிடையாது. ஆளைத் திட்டுவதைவிட, அந்த இடத்தில் அவனை நிறுத்தும் தேவையையே குறைப்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

அடுத்தது சூடு. ஒரு கிலோ காஸ்டிக் கரையும்போது சுமார் 1,100 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். 30 டிகிரி தண்ணீரில் 20 சதவீதக் கரைசல் போட்டால் கிட்டத்தட்ட 60 டிகிரி ஏறி 90-ஐத் தொட்டுவிடும். 10 சதவீதத்தோடு நிறுத்தினால் 30 டிகிரிதான் ஏறும், ஆனால் தொட்டி இரண்டு மடங்கு வேண்டும். லையைத் தண்ணீரில் கலக்கும்போதும் சூடு உண்டு, ஆனால் அதில் பாதிக்கும் குறைவு. பிளேக்ஸில் இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. தொட்டியைக் கலக்கும் அஜிட்டேட்டர் நின்றிருக்கும்போது யாராவது நாலைந்து மூட்டையைக் கொட்டிவிட்டால் செதில் அடியில் போய்ப் படிந்துவிடும், மேலே தண்ணீர் சாதாரணமாகத்தான் தெரியும். அப்புறம் மோட்டாரைப் போட்ட மாத்திரத்தில் மொத்தமும் ஒரே நேரத்தில் கரைந்து, கொதித்து, மேல்வாய் வழியாகப் பீறிட்டு அடிக்கும். தொட்டிக்கும் இந்தச் சூடு ஆகாது. சாதாரண இரும்புத் தொட்டி காஸ்டிக்கைத் தாங்கும் என்பது அறை வெப்பநிலைக்குச் சரி. தினமும் 80, 90 டிகிரி போய் வந்தால் வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடும், வெளியில் துருகூடத் தெரியாமல் ஒருநாள் ஒழுகும். ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் தொட்டியோ அந்தச் சூட்டில் இளகும். லையைச் சேமிக்கும் தொட்டிக்கு இந்தப் பாடு கிடையாது. அதற்காக அங்கே இரும்பே போதும் என்று விட்டுவிடாதீர்கள், இரும்பு கொஞ்சமாகக் கலந்தாலும் பெராக்சைடு வீணாகச் சிதையும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: காலி மூட்டை. கெட்டியான உறை, உள்ளே பிளாஸ்டிக் லைனர், வீட்டுக்கு எடுத்துப் போனால் நெல் காயவைக்கலாம், மாட்டுத் தீவனம் கட்டலாம். தண்ணீர் விட்டுக் கழுவி, குறுக்கே வெட்டிப் போட்டால் ஒழிய அது உள்ளே ஒட்டிய காஸ்டிக் தூளோடு கேட்டைத் தாண்டிப் போய்விடும்.

சரி, லை அவ்வளவு நல்லபிள்ளையா? இல்லை. மூட்டையில் ஆபத்து சிறிது சிறிதாகத் தினமும் வரும், டேங்கரில் எப்போதாவது வரும், வந்தால் டன் கணக்கில் வரும். அதிகம் கவலைப்பட வேண்டியது இறக்கும் அந்த அரை மணி நேரம்தான். சில டேங்கர்களில் காற்றழுத்தம் கொடுத்துத் தள்ளுவார்கள். இறக்கி முடிந்த பின்னும் ஹோஸில் அழுத்தம் மிச்சம் இருக்கும், ஹோஸை இணைக்கும் கப்ளிங்கைத் தளர்த்தினால் முகத்தில் அடிக்கும். பம்ப் வைத்து இழுப்பதுதான் நல்லது. அந்த கப்ளிங் அலுமினியமாக இருக்கவே கூடாது, காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். பிளேக்ஸ் அள்ளும் கரண்டிக்கும் இதே விதி. கண்ணாடிக் குழாய் லெவல் கேஜ் வேண்டாம். பைப் இணையும் பிளாஞ்சுகளுக்குத் தெறிப்பைத் தடுக்கும் ஸ்ப்ரே கார்டு போடுங்கள், ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் கேஸ்கட் கசிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தொட்டியைச் சுற்றிய தடுப்புச் சுவர், தொட்டி முழுவதும் கொட்டினாலும் தாங்கி அதற்கு மேல் பத்து சதவீதமாவது இடம் தர வேண்டும், அதன் வடிகால் வால்வு பூட்டியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரியது, தப்பான தொட்டியில் இறக்குவது. கெமிக்கல் கிச்சனில் ஆலம் (படிகாரம்), ஹைப்போ (ஹைப்போகுளோரைட் கரைசல்), ஆசிட் எல்லாம் அடுத்தடுத்துத்தான் நிற்கும். ஆசிட் தொட்டியில் லை போனால் கொதித்துத் தெறிக்கும், ஹைப்போவில் ஆசிட்டோ ஆலமோ போனால் குளோரின் கிளம்பும். அதனால் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத கப்ளிங், ஒவ்வொன்றுக்கும் பூட்டு, சாவி ஷிப்ட் கெமிஸ்டிடம். டிரைவர் சொல்வதை வைத்து வால்வைத் திறக்காமல், சாம்பிள் எடுத்து அடர்த்தி பார்த்துவிட்டுத் திறப்பது. 48 சதவீத லை 1.5 காட்டும். வர்ணம் பூசி எழுதிவைப்பதை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை, இரவு ஷிப்டில் அதை யாரும் படிப்பதில்லை.

கண் கழுவும் குழாயும் ஷவரும் இரண்டு வழிக்கும் பொது. இங்கே நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெயிலில் கிடக்கும் பைப் வழியாக வரும் தண்ணீரை மதியம் இரண்டு மணிக்குத் திறந்து கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் பதினைந்து நிமிடம் யாரும் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. லைனுக்கு நிழல் கொடுங்கள், இல்லாவிட்டால் உறை சுற்றுங்கள். வினிகர் ஊற்றி முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தண்ணீர் மட்டும்தான்.

இதெல்லாம் சொன்னாலும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மூட்டைதான் செலவு என்கிற சின்ன மில்லுக்கு லை தொட்டி கட்டச் சொல்ல மாட்டேன். முழு டேங்கர் லோடு வாங்கினால் மாதக்கணக்கில் நிற்கும். அவர்கள் பிளேக்ஸையே வைத்துக்கொண்டு, தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு அஜிட்டேட்டர், அது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் மூட்டை, வெப்பமானி 60-ஐத் தாண்டினால் நிறுத்திக் காத்திருப்பது என்று ஓட்டலாம். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றுவது மட்டும் எக்காரணத்துக்கும் கூடாது. ஜம்போ பையை மூடிய ஹாப்பர் வழியாக இறக்கிக் கரைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. வேறொரு மில்லில் ஓடுவதைப் பார்த்ததோடு சரி, தினமும் ஓட்டியதில்லை என்பதால் அதற்கு மார்க் போடவில்லை.

லைக்கு மாறியவர்கள் டேங்கர் தாமதமானால் ஆகும் என்று ஸ்டோர்ஸில் பத்து மூட்டை பிளேக்ஸ் வைத்திருப்பார்கள். நாங்கள் அதையும் எடுத்துவிட்டோம். வருஷத்துக்கு ஒருமுறை அவசரத்தில் அந்த மூட்டையைப் பிரிக்கப்போவது, அதுவரை பிளேக்ஸையே கரைத்திராத ஒரு புது ஆள்தான். அதற்குப் பதில் தொட்டியை ஒன்றரை டேங்கர் கொள்கிற மாதிரிக் கட்டி, பாதி டேங்கர் அளவுக்கு இறங்கும்போதே அடுத்த ஆர்டரைப் போட்டுவிடுகிறோம்.