செர்ரித் தோலும் என் பாய்லரும்: நான்காம் வருடம்

போன வாரம் வத்தலக்குண்டிலிருந்து வெல்டரை வரவழைத்து, தாண்டிக்குடிப் பக்கம் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்து பாய்லருக்கு அடுப்புக் கம்பிகளை மாற்றினோம். வாங்கியதிலிருந்து இது இரண்டாவது தடவை. பண்ணைக்காட்டு மச்சான் வேறு, "நானும் ஒண்ணு போடலாமா?" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்துக் கழிவை எரித்து, அந்த நீராவியில் வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் 5 கிலோவாட் இன்ஜின் இது. என் சண்டை கிட்டத்தோடு, அதாவது அடுப்பில் உருகிக் கட்டியாகும் சாம்பலோடு. வெல்டர் அதைக் கிளிங்கர் என்கிறார்.

தோட்டத்தில் கிடக்கும் எதைப் போட்டாலும் எரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எரிகிறது, பொய்யில்லை. சில்வர் ஓக் கவாத்துக் கிளை, பார்ச்மென்ட் உமி (காப்பிக் கொட்டையின் மேல் இருக்கும் காய்ந்த உறை) எல்லாம் சமர்த்தாகச் சாம்பலாகி விழுந்துவிடும். ஆனால் எங்களிடம் குவிந்து கிடப்பது செர்ரித் தோல், அதாவது காப்பிப் பழத்தின் தோல். அதில் பொட்டாஷ் உப்பு அதிகம். அந்தச் சாம்பல் நல்ல சூட்டில் பாகாக இளகி, கம்பிகளின் இடுக்கில் இறங்கி, ஆறியதும் கண்ணாடிக் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து காற்று ஏறாது. தீ மந்தமாகும், பிரஷர் முள் இறங்கும், வீட்டில் பல்பு அழும். கம்பியைக் குளிரவைப்பதும் அதே காற்றுதான். அது அடைபட்டால் கம்பி சிவந்து வளைகிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கடப்பாரையோடு நிற்பவன் நான், விற்றவர் இல்லை.

கரண்ட் போகும்போது உதவும் என்று நினைத்தால் அதுவும் கிடையாது. பிரஷர் ஏற முக்கால் மணி நேரம். பல நாள் முள் ஏறவும் லைன் வரவும் சரியாக இருந்திருக்கிறது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு, குழாயில் பொருக்கு கட்டவே இல்லை. அப்புறம், இன்ஜினை விட்டு வெளியேறும் நீராவி! ஒரு யூனிட்டுக்கு நாலைந்து கிலோ உமி தின்கிறது இந்த இயந்திரம். அந்தச் சூட்டில் பெரும்பங்கு மின்சாரமாகாமல் வெளியேதான் போகிறது. அதைத் தகரக் குழாயில் சுற்றவிட்டு, கார்த்திகை மழையிலும் காப்பிக் கொட்டையைக் காயவைக்கிறோம். முன்பு ஒவ்வொரு வருடமும் கொஞ்சமாவது பூசணம் பிடிக்கும். இப்போது இல்லை.

இப்போதெல்லாம் மூன்று கூடை விறகுக்கு ஒரு கூடை தோல்தான். மிச்சம் எருக்குழிக்கு.

மச்சானிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்போ உன்னோடதைப் பாதி விலைக்குக் கொடு" என்கிறான். காப்பி காய்ந்து முடியட்டும் என்றிருக்கிறேன்.