ரெக்ஏ புரதக் குப்பி: சரக்கு நல்லது, வரிசை தப்பினால் வீண்

உடைந்த டிஎன்ஏவைச் செல் எப்படி ஒட்டுகிறது என்பதன் நடுக்கட்டத்தைக் குழாய்க்குள் காட்ட, கடையில் கிடைக்கும் ரெக்ஏ (ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ பழுதுபார்க்கும் புரதம்) போதும். மி.லி.க்கு 2 மி.கி., பாதி கிளிசரால். மைனஸ் 20-இல் வைத்தாலும் உறையாது. ஆனால் பிப்பெட் நுனியை ஆழமாக முக்கினால் வெளிப்பக்கம் ஒட்டி வருவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கணக்கு முக்கியம். ஒரு ரெக்ஏ மூலக்கூறு ஒற்றையிழை டிஎன்ஏவில் 3 நியூக்ளியோடைடுகளை, அதாவது 3 எழுத்துகளைப் பிடிக்கும். 20 மைக்ரோலிட்டர் வினையில் ஃபைஎக்ஸ்174 என்ற வைரஸின் வட்ட ஒற்றையிழை டிஎன்ஏ 66 நானோகிராம் போட்டால், குப்பியிலிருந்து 1.25 மைக்ரோலிட்டர் சரி. குறைந்தால் இழை முழுக்க மூடாது. ரொம்பக் கூடினால் மிச்சம் இரட்டையிழையிலும் ஒட்டப் பார்க்கும், இழைமாற்றம் (ஒற்றையிழை இரட்டையிழைக்குள் புகுந்து தன் ஜோடியைப் பிடிப்பது) மந்தமாகும்.

பலரும் சறுக்குவது வரிசையில். முதலில் ஒற்றையிழை, ரெக்ஏ, 10 மில்லிமோலார் மக்னீசியம், ஏடிபி (ATP, செல்லின் ஆற்றல் மூலக்கூறு). 37 டிகிரியில் 10 நிமிடம். அதன் பிறகுதான் ஒற்றையிழையில் ஒட்டும் எஸ்எஸ்பி புரதம். இன்னும் 10 நிமிடம் கழித்து, பிஎஸ்டி1 என்ற வெட்டு நொதி வெட்டி நேராக்கிய, அதே ஃபைஎக்ஸ்174-இன் இரட்டையிழை 132 நானோகிராம். எஸ்எஸ்பியை முதலில் விட்டால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி அது நகராது. ரெக்ஏ ஏறத் திணறும். செல்லுக்குள் எஸ்எஸ்பிதான் முந்தும். அதை விலக்கி ரெக்ஏவை ஏற்ற பாக்டீரியாவில் ரெக்எஃப், ரெக்ஓ, ரெக்ஆர் என்ற உதவிப் புரதங்கள் உண்டு. மனிதரில் ரெக்ஏவின் வேலையைச் செய்யும் ராட்51-க்கு பிஆர்சிஏ2 புரதம் கைகொடுக்கிறது. குப்பியில் அந்த உதவியாள் இல்லை.

ஏடிபி (ATP) தீர்ந்து ADP சேர்ந்தால், அதாவது டிரைபாஸ்பேட் போய் டைபாஸ்பேட் மிஞ்சினால், புரதம் இழையிலிருந்து கழன்றுவிடும். ஏடிபியை மீட்டுத் தர கிரியாட்டின் பாஸ்பேட்டும் கிரியாட்டின் கைனேஸும் கட்டாயம் சேருங்கள். எளிதில் சிதையாத காமா-எஸ் ஏடிபி, டி-வளையம் (இரட்டையிழைக்குள் ஒற்றையிழை நுழைந்து உண்டாகும் வளையம்) காட்ட நல்லது. முழு இழைமாற்றத்துக்கு உதவாது.

வினையை நிறுத்தும்போது எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற பொருள்), புரோட்டினேஸ் கே (புரதம் சிதைக்கும் நொதி) இரண்டும் வேண்டும். இல்லையென்றால் புரதம் சுமந்த டிஎன்ஏ ஜெல் குழியிலேயே உட்கார்ந்துகொள்ளும். 0.8% அகரோஸ் ஜெல்லில் இணைப்பு மூலக்கூறுகள் (மாற்றம் பாதியில் நிற்கும் டிஎன்ஏ) 5-10 நிமிட மாதிரியிலேயே மேலே தெரியும். மாற்றம் முடிந்த வெட்டுள்ள வட்டம் (ஓரிழையில் மட்டும் வெட்டுள்ள இரட்டையிழை) 60-90 நிமிடத்தில் வரும். இணைப்பு மட்டும் நின்று வட்டம் வராவிட்டால் முதலில் ஏடிபியைச் சந்தேகியுங்கள். ஏடிபி சேர்க்காத மாதிரியின் தடத்திலும் பட்டை சிதறியிருந்தால் நியூக்ளியேஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி) கலப்படம். அந்தக் குப்பியைத் திருப்பிக் கொடுங்கள்.

வகுப்புச் செய்முறைக்குத் தாராளமாக வாங்கலாம். ராட்51 தடுப்பான் மருந்து சோதிக்க வேண்டாம்: அதற்குக் கால்சியம், உப்பு நிலை எல்லாமே வேறு கணக்கு.