தகரக் கூரையும் இரண்டாம் பாகமும்: நாலு வருடப் பாவனைக்குப் பிறகு

டீவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர், சவுண்ட்பார், விலை இறங்கியிருக்கிறது, வாங்கினால் வீட்டில் படம் பார்க்கிறது தேறுமா என்று கேட்கிறார்கள். அதே ஆட்கள் அடுத்த மூச்சில் கேட்பது, "இந்த ரெண்டாம் பாகம் எல்லாம் ஏன் இப்படி விளங்காமப் போகுது?" இரண்டுக்கும் ஒரே பதில்தான். இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தகரத்தில் விழுகிற மழை. 32 அங்குல டீவி நாலு வருடம், சவுண்ட்பார் ஒன்றரை வருடம் பாவித்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். நிறம், ரெசல்யூஷன் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. இப்போது வருகிற எந்த டீவியிலும் அது போதும்.

பொன்னியின் செல்வனையே எடுங்கள். முதல் பாகம் 2022 செப்டெம்பர் 30, இரண்டாவது 2023 ஏப்ரல் 28. தியேட்டரில் பார்த்தவர்களுக்கு நடுவில் ஏழு மாதம். வீட்டில் இரண்டு இரவில் முடித்துவிடலாம், அந்த வகையில் வீடுதான் வசதி. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் முதல் பாகத்தில் தாழ்ந்த குரலில், பெரும்பாலும் ஒரே தடவைதான் சொல்லப்படும். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், மதுராந்தகன், கடைசியில் கடலுக்குள் தெரியும் ஊமை ராணி. இதில் ஒரு வரி மழையில் போனாலும் இரண்டாம் பாகத்தில் நந்தினி ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று புரியாது. கல்கியை வாசித்தவர்கள் மனதுக்குள்ளேயே நிரப்பிக்கொள்வார்கள். மற்றவர்கள் "இழுவை" என்று எழும்பிப் போய்விடுவார்கள். படத்தின் குறை பாதி இருக்கலாம், மீதியைக் கூரையின் கணக்கில் எழுத வேண்டும்.

காரணம் சிக்கலானதில்லை. படத்தின் 5.1 ஒலியில் (ஐந்து திசைக்கு ஒவ்வொரு சானல், தாழ்ந்த அதிர்வு ஒலிக்கு இன்னொன்று) வசனம் நடு சானலில் இருக்கும். டீவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. அதனால் அந்தச் சானலை வழக்கமாக 3 டெசிபல் குறைத்து இடது வலது இரண்டிலும் போட்டு, இசையோடும் சண்டைச் சத்தத்தோடும் கலந்து தரும். அந்த இரண்டு ஸ்பீக்கரும் கீழே பார்த்து இருக்கும், ஆளைப் பார்த்து இருக்காது. இதன் மேல் மழை. மழைச் சத்தத்தில் கூர்மையான பகுதி அதிகம், ச, த, க, ப மாதிரி மெய்யெழுத்துகளை அதுதான் தின்னும். உயிரெழுத்து கேட்கும், சொல் விளங்காது. வால்யூமைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழும்பும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, சில இடத்தில் அது கூரை வரைக்கும்கூடப் போவதில்லை.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியது இருக்கிறது, இதை முதலில் செய்யுங்கள். படம் பார்க்கிற ஆப்பில் ஆடியோ மெனுவைத் திறந்து 5.1ஐ விட்டு ஸ்டீரியோ எடுங்கள், அந்தத் தெரிவு இருந்தால். டீவியின் சவுண்ட் மோடை "மூவி"யில் வைக்காதீர்கள். "ஸ்பீச்" அல்லது "நியூஸ்" வையுங்கள். ஈக்குவலைசர் இருந்தால் 100 ஹெர்ட்ஸை நன்றாக இறக்கி, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று படி ஏற்றுங்கள். "ஆட்டோ வால்யூம்" அல்லது "நைட் மோட்" ஒன்றை ஆன் பண்ணுங்கள். பிறகு, டீவி மேசையில் விரித்திருக்கும் பூப்போட்ட துணியை எடுத்துவிடுங்கள். கீழே பார்க்கிற ஸ்பீக்கரின் சத்தம் மேசைப் பலகையில் பட்டுத்தான் ஆளிடம் வரும். துணி இருந்தால், அதுவும் குஞ்சம் தொங்கினால், கூர்மையான பகுதியை அதுவே உறிஞ்சிவிடும். வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், படம் ஓடும் நேரத்துக்கு மட்டுமாவது மடித்து வையுங்கள்.

சவுண்ட்பாருக்கு வருகிறேன். மழையில்லாத இரவில் அருமை, அதை மறைக்கக்கூடாது. மார்ச் மாதத்தில் டிமான்ட்டி காலனி 2 பார்த்தால் சுவரோடு ஒட்டி உட்காரத் தோன்றும். ஆனால் கடைகளில் விலை இறங்கிக் கிடப்பது பெரும்பாலும் 2.1. அதாவது இரண்டு பக்கம், தாழ்ந்த அதிர்வு ஒலிக்கு ஒரு சப்வூஃபர் பெட்டி. நடு சானல் இல்லை, வசனத்துக்கென்று அது புதிதாக ஒன்றும் செய்யாது. சப்வூஃபர் செய்வது தகரத்தையும் அலுமாரிக் கண்ணாடியையும் நடுங்க வைப்பது. 10க்கு 12 அடி அறையில், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். அதன் வால்யூமை முக்கால் பங்கு குறைத்துவிட்டுத்தான் இன்றுவரை பாவனை, அப்படியென்றால் அதற்குக் கொடுத்த காசு எதற்கு?

இன்னொன்று, புளூடூத்தில் இணைக்காதீர்கள். சத்தம் 0.1 முதல் 0.2 செக்கன் வரை பிந்தி வரும், உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். சில டீவி சரிசெய்துகொள்ளும், பல செய்யாது. எச்.டி.எம்.ஐ ஏ.ஆர்.சி என்று எழுதியிருக்கும் துளையில் கேபிளைப் போடுங்கள், மற்ற எச்.டி.எம்.ஐ துளையில் போட்டால் சத்தமே வராது. விடுதலை பார்க்கும்போது இதில் ஏமாறவேண்டாம்: அந்தப் படத்தில் சில இடங்களில் டப்பிங்கே உதட்டோடு பொருந்தாது. கேபிளைக் குறை சொல்வதற்கு முன் ஒரு செய்தி வாசிப்பைப் போட்டுப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் உங்கள் கருவி சரி.

விடுதலை இரண்டு பாகத்தையும் அடுத்தடுத்து பார்த்ததுதான் எதிர்பாராத சந்தோஷம். 2023 மார்ச்சில் முதல் பாகம், 2024 டிசம்பரில் அடுத்தது. இடையில் கிட்டத்தட்ட 21 மாதம். அந்த இடைவெளியில் பார்த்தவர்கள் இரண்டாவதைப் பிரசங்கம் என்றார்கள். பேச்சு அதிகம்தான். ஆனால் தொடர்ந்து பார்த்தால் பெருமாள் வாத்தியார் காட்டுக்குள் நடந்துகொண்டே சொல்வது முதல் பாகத்தில் குமரேசன் பார்த்ததற்கான பதிலாக வருகிறது. தொழிலாளர் சங்கம் கட்டுகிற பகுதியில் தோட்டத்து வீட்டில் யாரும் தேத்தண்ணி ஊற்ற எழும்ப மாட்டார்கள். மழையில் பார்த்தால் மட்டும் முழுப்படமும் வீண்.

மழைக்கு நிற்கிற தொடர்ச்சி ஒன்று சொல்லுங்கள் என்றால் திருஷ்யம் 2. 2021 பெப்ரவரியில் தியேட்டருக்கு வராமல் நேரே ஓ.டி.டிக்கு வந்தது. தமிழில் முதல் பாகம் மட்டும்தான் பாபநாசமாக வந்தது, அதைப் பார்த்தவர்கள் இரண்டாவதை மலையாளத்தில் ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறார்கள். சத்தம் கேட்காவிட்டாலும் ஒரு முடிச்சும் தவறாது! நமது மொழிப் படம் விளங்காமல், தெரியாத மொழிப் படம் முழுசாக விளங்குகிறது. எரிச்சலாக இருந்தாலும் உண்மை. தமிழ்ப் படத்துக்கும் சப்டைட்டிலைப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரண்மனை வரிசைக்கு முன்பாகம் ஞாபகம் தேவையில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. இடி இடித்தால் படத்தோடு சேரும். ரஜினியின் 2.0 படம் முப்பரிமாணத்துக்காக எடுத்தது, 32 அங்குலத்தில் செல்போன் கூட்டம் பறப்பது தெளுவுக்கு (பதநீருக்கு) கூடும் ஈ மாதிரி. இந்தியன் 2 மேல் எனக்குக் கோபம் உண்டு. 1996 சேனாபதியை 28 வருடம் கழித்து அழைத்து வந்து இவ்வளவு பேச விட்டிருக்க வேண்டாம். ஆனால் அந்த மேக்கப்புக்குள்ளிருந்து வரும் கரகரத்த குரல் மழையில் முக்கால்வாசி கேட்காது, ஆகவே இங்கே பார்த்தவன் நியாயமான தீர்ப்புச் சொல்ல முடியாது.

டேட்டா கணக்கும் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். புஷ்பா 2இன் நீட்டிய பதிப்பு 224 நிமிடம், ஏறக்குறைய 11 ஜிபி. நைட் டேட்டா இருந்தால் போனில் டவுன்லோட் பண்ணி வையுங்கள். ஆனால் அதை டீவிக்குக் கொண்டுபோவது தலைவலி: நெட்பிளிக்ஸில் டவுன்லோட் பண்ணியது காஸ்ட் ஆகாது, மலிவான போன்களின் சி-டைப் துளையில் எச்.டி.எம்.ஐ கேபிளுக்குப் படம் வராது. கேபிள் வாங்குவதற்கு முன் போனைக் கொண்டுபோய் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

டிஷ்ஷில் தீபாவளிப் படம் பார்க்கிறவர்களுக்கு: அக்டோபர், நவம்பர் இடிமழைக் காலம். உங்கள் சேவையின் செயற்கைக்கோள் உச்சிக்குக் கிட்ட நிற்பதென்றால், நம் தலைக்கு மேல் மேகம் உடைகிற அதே நேரம் சிக்னலும் போகும். 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷை 90 ஆக்கினால் சிக்னல் 3.5 டெசிபல் கூடும், நடுத்தர மழையைத் தாங்கும், அடைமழையைத் தாங்காது. மல்லாந்து கிடக்கும் டிஷ்ஷில் இலையும் பாசியும் சேரும், துடைத்துவிடுங்கள். எல்.என்.பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நிற்கும் சிக்னல் வாங்கியில்) கேபிள் மாட்டும் இடத்தில் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றி, கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டுக் கட்டுங்கள், தண்ணீர் அங்கே சொட்டி விழும், உள்ளே ஏறாது. இடி வரும் போலிருந்தால், அது கேட்கும் முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள், படம் கிடக்கட்டும்.

ஆக, சவுண்ட்பார் நல்ல பொருள்தான். வாங்க வேண்டாம். அந்தக் காசைச் சீலிங்கில் போடுங்கள். 10க்கு 12 அறைக்கு 8க்கு 4 பலகைத் தாள் நாலு போதும்: மூன்றை முழுசாகவும், நாலாவதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தும். தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் காற்று இடைவெளி இருக்க வேண்டும். ரிஜிஃபோம் (வெள்ளை நுரைப் பலகை) சூட்டுக்கு உதவும், மழைச் சத்தத்துக்குப் பெரிதாக உதவாது. சாக்கை மடித்து மேலே போட்டால் எலி குடியேறும். லயமாக இருந்தால் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆணி அடியுங்கள்.

அப்படியும் சவுண்ட்பார்தான் வேண்டும் என்றால் பெட்டியில் 3.0 அல்லது 3.1 என்று இருக்கிறதா பாருங்கள், அந்த மூன்றில் ஒன்று நடு சானல். கடையில் பாட்டைப் போட்டுத்தான் காட்டுவார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லி, விடுதலை 2இல் வாத்தியார் மெதுவாகப் பேசுகிற ஒரு இடத்தைப் போடச் சொல்லுங்கள், மழைச் சத்தத்துக்குப் பதிலாகக் கடைக்கார அண்ணனிடம் மின்விசிறியை ஃபுல்லில் வைக்கச் சொல்லுங்கள், பத்தடி தள்ளி நின்று கேளுங்கள்.