தொங்கும் பாதத்திற்கு ஸ்பிளின்டா, மின்தூண்டலா?

பக்கவாதத்திற்குப் பின் அம்மாவின் இடது கால் ஓரளவு பலம் பெற்றபோதும், அடியெடுத்து வைக்கையில் பாதத்தின் முன்பகுதி மட்டும் எழாமல் தரையில் உரசிக்கொண்டே வந்தது. கட்டைவிரல் தடுக்கி இருமுறை விழப்போனார். கணுக்காலை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட், முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் மின்தூண்டல் கருவி என்று பிசியோதெரபிஸ்ட் இரண்டு வழிகளைச் சொன்னார். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு மின்தூண்டலைத் தேர்ந்தெடுத்தோம்.

விலையில் ஸ்பிளின்ட்தான் மிக மலிவு. சார்ஜ் போடும் வேலையும் இல்லை. நடை வேகத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 197 பேரை 30 வாரங்கள் கவனித்தபோது இரு தரப்பினரின் வேகமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடியது. மனநிறைவு மட்டும் கருவி அணிந்தவர்களிடம் அதிகமாக இருந்தது. ஆகவே வேகத்தைக் காட்டிக் கருவியை விற்க வருபவரை நம்ப வேண்டாம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வெறுங்கால். ஸ்பிளின்டின் அடிப்பாகம் வழவழப்பானது. டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் அதன்மேல் மூடிய ஷூ அணிந்தாக வேண்டும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடும் வீட்டில், சமையலறைக்கும் பூஜையறைக்கும் ஷூவோடு போக அம்மாவின் மனம் ஒப்பவில்லை. வெளியே போகும்போது மாட்டிக்கொண்டு, திரும்பியதும் கழற்றி வைத்துவிடுவார். ஒரு நாளில் அவர் அதிகம் நடப்பது வீட்டுக்குள்தான். விடியற்காலையில் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகும் அந்தப் பத்தடிதான் எங்களுக்குப் பெரும் பயம். அங்கே ஸ்பிளின்டால் ஒரு பயனும் இல்லாமல் போனது.

மின்தூண்டல் கருவி, முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டிச் சுற்றிவரும் நரம்புக்குக் கால் எழும் நேரத்தில் மட்டும் சிறு மின்துடிப்புகளை அனுப்பிப் பாதத்தை உயர்த்துகிறது. 1961இல் மருத்துவர் லிபர்சன் இதை அறிமுகப்படுத்தியபோது குதிகாலின் கீழ் வைக்கும் சுவிட்ச்தான் அந்த நேரத்தைக் கணித்தது. இன்றும் சில கருவிகளில் அதே முறை உண்டு; அவற்றுக்கும் பெரும்பாலும் காலணி தேவைப்படும். காலின் சாய்வை உணரும் சென்சார் பட்டையிலேயே அமைந்த கருவி வெறுங்காலிலும் இயங்கும். வாங்குமுன் இந்த ஒன்றையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பராமரிப்பு சுலபமில்லை. தோலில் ஒட்டி மின்துடிப்பைச் செலுத்தும் பேட் சற்று இடம் மாறினாலும் பாதம் நேராக எழாமல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். அதனால் தினமும் குளித்து வந்ததும் பழைய தடம் அழிவதற்குள் பேனாவால் தோலில் மீண்டும் வட்டம் வரைந்துவிடுவோம். வெயில் காலத்தில் வியர்வையால் பசை விட்டுப்போகும். சில வாரங்களுக்கு ஒருமுறை புது பேட் வாங்க வேண்டும்.

பேஸ்மேக்கர் உள்ளவர்களும், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. கணுக்கால் மிகவும் இறுகியிருந்தாலோ, நிற்கும்போது முழங்கால் மடிந்தாலோ ஸ்பிளின்டே பொருத்தமாக இருக்கலாம். எங்கள் அனுபவம் எட்டு மாதத்தது. கருவியைக் கழற்றிய பின்னும் பாதம் முன்பைவிடச் சற்று எழுவதாகத் தோன்றுகிறது. அது மின்தூண்டலால் வந்ததா, தினசரிப் பயிற்சியால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

ஸ்பிளின்டைத் தூக்கிப் போடவில்லை. வெளியூர்ப் பயணத்தில் சார்ஜ் தீர்ந்தால் உதவும் என்று, அதற்குரிய ஷூவுக்குள்ளேயே செருகி வாசலருகில் வைத்திருக்கிறோம்.